பார்க் லைட் போட்டதும் 10 ஆம்பியர் ஃபியூஸ் போகிறது: ஷார்ட் எங்கே என்று எப்படிப் பிடிப்பது?

பின்விளக்கு:

வணக்கம். 12 வோல்ட் கார், எல்லாமே பழைய இழை பல்புகள். லைட் சுவிட்சை முதல் கட்டத்துக்குத் திருப்பிய நொடியே 10 ஆம்பியர் ஃபியூஸ் போய்விடுகிறது. சுவிட்ச் அணைந்திருக்கும்போது புது ஃபியூஸ் செருகினால் ஒன்றும் ஆவதில்லை. இந்த ஒரே ஃபியூஸில் முன் பார்க் பல்பு இரண்டு, பின் பார்க் பல்பு இரண்டு, டிக்கி மூடியில் நம்பர் பிளேட் பல்பு ஒன்று (ஐந்துமே 5 வாட்), கூடவே டேஷ்போர்டு வெளிச்சமும் இருக்கிறது.

நான்கு ஃபியூஸ் போயாயிற்று. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, லைட் சுவிட்சைப் போட்ட நிலையில், ஃபியூஸ் சாக்கெட்டின் லோடு பக்கத்துக்கும் (பல்புகளுக்குப் போகும் பக்கம்) பாடிக்கும் நடுவே மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்தேன். பீப் அடிக்கிறது. அப்படியானால் ஷார்ட் உறுதிதானே? வயரிங் முழுவதையும் பிரிக்காமல் இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? 20 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் புகை வரும் இடம் தெரிந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். செய்து பார்க்கலாமா?

செம்புக்கம்பி:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: செய்யவே செய்யாதீர்கள். ஃபியூஸ் இருப்பது பல்பைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. செம்பு நேராக பாடியில் பட்டிருந்தால் 20 ஆம்பியரும் அதே நொடியில் போகும், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது. ஆபத்து அரைகுறை ஷார்ட்டில்தான். கருகிய தோல், ஈரம், துரு வழியாக 15 ஆம்பியரோ 18 ஆம்பியரோ விடாமல் பாயும். 20 ஆம்பியர் ஃபியூஸ் அதைத் தாங்கும். பார்க் லைட்டுக்குப் போகும் 0.5 அல்லது 0.75 சதுர மி.மீ. வயர் தாங்காது. தோல் உருகிப் பக்கத்து வயர்களோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு வயரில் இருந்த பழுது வயர்க் கட்டு முழுவதும் பரவிவிடும். போன ஃபியூஸில் அலுமினியத் தாள் சுற்றிச் செருகுவது இதைவிட மோசம். 0.75 செம்பு வயர் 5 மீட்டருக்கு ஏறக்குறைய 0.115 ஓம்தான். அந்த நுனி பாடியில் பட்டால் 100 ஆம்பியர் அளவுக்குப் பாயும், கம்பளத்துக்கு அடியில் 1000 வாட் அளவுக்குச் சூடு கிளம்பும்.

போன ஃபியூஸ்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே இழை சிதறி, பிளாஸ்டிக்கில் கறுப்பாகவோ வெள்ளிப் படலமாகவோ அப்பியிருந்தால் பெரிய மின்னோட்டம் ஒரேயடியாகப் பாய்ந்திருக்கிறது, அதாவது அசல் ஷார்ட். இழை நடுவில் மெதுவாக உருகி அறுந்து, பிளாஸ்டிக் தெளிவாக இருந்தால் அதிக லோடு. இறுகிய மோட்டார் சில நிமிடம் ஓடிய பிறகு ஃபியூஸ் போவது அந்த வகை. உங்களுக்கு சுவிட்ச் போட்ட நொடியே போகிறது, அணைத்திருக்கும்போது போவதில்லை. எனவே ஃபியூஸிலிருந்து சுவிட்ச் வரை உள்ள வயர் நல்லது, பழுது சுவிட்சுக்கு அப்பால்.

இனி ஃபியூஸ் எரிப்பதை நிறுத்துங்கள். அந்த இடத்தில் ஒரு பல்பை வையுங்கள். போன ஃபியூஸ் ஒன்றின் மேல் பிளாஸ்டிக்கை உடைத்து, இரண்டு காலிலும் ஒரு மீட்டர் நீள வயர் ஒவ்வொன்று பற்றவைத்து, மறுமுனைகளை 12 வோல்ட் 21 வாட் பல்பு ஹோல்டரில் கொடுங்கள். தடித்த லக்கை (வயர் முனையில் மாட்டும் உலோகக் கால்) நேரடியாக ஃபியூஸ் சாக்கெட்டில் திணிக்க வேண்டாம். சாக்கெட்டின் பிடி விரிந்துவிடும். பிறகு நல்ல ஃபியூஸ் போட்டாலும் தளர்வாக உட்கார்ந்து சூடாகும்.

ஷார்ட் இருந்தால் இந்த பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஆனால் 1.75 ஆம்பியருக்கு மேல் விடாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தேடலாம். ஷார்ட் விலகிய கணம் பல்பு அணையும். லோடு அதிகமுள்ள சர்க்யூட்டுக்கு 55 வாட் ஹெட்லைட் பல்பு நல்லது, 4.6 ஆம்பியர் விடும். அதன் கண்ணாடி கடுமையாகச் சுடும். சீட்டிலோ கம்பளத்திலோ வைக்காதீர்கள்.

மீட்டர் முள்:

பீப் பற்றி. அந்த பீப்பை வைத்து ஷார்ட் என்று சொல்ல முடியாது. 5 வாட் பல்பு எரியும்போது அதன் தடை 29 ஓம். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது, 2 முதல் 3 ஓம் வரும். ஐந்து பல்பும் இணையாக நின்றால் அரை ஓம்தான். நிறைய மீட்டர்கள் 30, 50 ஓமுக்குக் கீழே எதைக் கண்டாலும் பீப் அடிக்கும். பழுதே இல்லாத காரிலும் அந்த இடத்தில் அடிக்கும்.

ஐந்து பல்பையும் ஹோல்டரிலிருந்து எடுத்துவிட்டு ஓம் நிலையில் அளங்கள். அதற்கு முன் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.2, 0.3 ஓம் காட்டும். அது மீட்டர் வயரின் தடை, அதைக் கழித்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டு விளக்குகள் இன்னும் இணைந்திருப்பதால் கொஞ்சம் தடை காட்டத்தான் செய்யும். கழித்த பிறகும் ஓர் ஓமுக்குக் கீழே வந்தால் ஷார்ட் என்று சந்தேகிக்கலாம். பார்க் லைட் ரிலே வழியாகப் போகும் கார்களில் பேட்டரி கழற்றிய நிலையில் ரிலே திறந்திருக்கும். ஃபியூஸ் சாக்கெட்டில் அளந்தால் அதற்கு அப்பால் எதுவும் தெரியாது, ரிலேயின் வெளிக்காலில்தான் அளக்க வேண்டும்.

செம்புக்கம்பி சொன்ன பல்பு முறையிலும் இதே பொறி உண்டு. காரின் பல்புகள் மாட்டியிருந்தால் சோதனை பல்பு அவற்றோடு தொடராக நின்று மங்கலாக எரியும், அதை ஷார்ட் என்று நினைத்துவிடுவோம். கண்ணை நம்பாமல் சோதனை பல்பின் இரண்டு முனைக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். பேட்டரியின் வோல்ட் அப்படியே வந்தால் ஷார்ட். 5, 6 வோல்ட் மட்டும் வந்தால் அது வெறும் லோடு.

ஓம் அளக்கும்போது மஞ்சள் நிறக் கப்ளர் (வயர்களைச் செருகி இணைக்கும் பிளக்) எதையும் தொடாதீர்கள், அது ஏர்பேக். ஓம் மீட்டர் விடும் சின்ன மின்னோட்டத்தைக்கூட அந்த இணைப்பில் விடக்கூடாது. அதன் பக்கத்தில் கை வைக்க நேர்ந்தால் நெகட்டிவைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து பிறகு தொடுங்கள். ஹைப்ரிட் காராக இருந்தால் ஆரஞ்சு நிற கேபிள் பக்கமே போக வேண்டாம்.

பின்விளக்கு:

நன்றி. போன ஃபியூஸில் உள்ளே வெள்ளிப் படலம் நன்றாகத் தெரிகிறது. 21 வாட் பல்பு கட்டினேன். ஐந்து பல்பும் கழற்றிய நிலையில் சுவிட்சைப் போட்டால் சோதனை பல்பு முழு வெளிச்சம். பேட்டரி 12.4 வோல்ட், சோதனை பல்பின் குறுக்கே 12.3. அடுத்து எங்கே தொடங்குவது? பின்பக்க விளக்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கவா?

செம்புக்கம்பி:

ஒரு முனையிலிருந்து தொடங்காதீர்கள். சர்க்யூட்டை நடுவில் வெட்டுங்கள். வயரிங் வரைபடத்தில் பார்க் லைட் வயரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு, முன்பக்கக் கட்டும் பின்பக்கக் கட்டும் பிரியும் கப்ளரைத் தேடுங்கள். பல கார்களில் டிரைவர் காலருகே பக்கவாட்டுத் தகட்டுக்குப் பின்னால் இருக்கும். அங்கிருந்து பின்பக்கக் கட்டு கதவுப் படிக்கு அடியில் ஓடும். சுவிட்சை அணைத்து, கப்ளரைக் கழற்றி, மறுபடி சுவிட்சைப் போடுங்கள். சோதனை பல்பு அணைந்தால் பழுது பின்பக்கம். எரிந்துகொண்டே இருந்தால் முன்பக்கமோ டேஷ்போர்டோ. மிச்சமிருக்கும் பாதியை அப்படியே இன்னொரு முறை பாதியாக்குங்கள். நான்கைந்து கப்ளருக்குள் ஒரு முழ வயருக்கு வந்துவிடுவீர்கள்.

இன்னொன்று. சோதனை பல்பு ஃபியூஸ் பெட்டியில் இருக்கும், நீங்கள் டிக்கியில் நிற்பீர்கள். பல்புக்கு இணையாக 12 வோல்ட் பஸ்ஸர் ஒன்றை மாட்டிவிடுங்கள் (பிளஸ், மைனஸ் பார்த்து). ஷார்ட் இருக்கும்வரை கத்தும். ஒவ்வொரு வயர் கட்டாக அசைத்துக்கொண்டே போங்கள். சத்தம் நிற்கும் இடத்தில், அல்லது விட்டுவிட்டுக் கேட்கும் இடத்தில் நின்றுவிடுங்கள். காரின் பல்புகள் கழற்றியிருந்தால்தான் இது சரியாக வேலை செய்யும்.

கைவிளக்கு:

அசைத்துப் பார்க்கும்போது வயர் எங்கெல்லாம் சாகும் என்று தெரிந்திருந்தால் பாதி நேரம் மிச்சம். வயர் தானாகக் கெடுவதில்லை. மடங்கும் இடம், உரசும் இடம், சூடாகும் இடம், யாரோ கை வைத்த இடம், இந்த நான்கில் ஒன்றில்தான் கெடும்.

மடங்கும் இடம்: டிக்கி மூடிக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாய், டிரைவர் கதவின் ரப்பர் குழாய். உங்கள் நம்பர் பிளேட் விளக்கின் வயர் அந்த டிக்கிக் குழாய் வழியாகத்தான் போகிறது. முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

உரசும் இடம்: தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் கழன்றுபோன இடம், சீட் தண்டவாளத்துக்கு அடி, பேட்டரித் தட்டின் விளிம்பு. சூடு என்றால் புகைபோக்கிக்கு அருகே போகும் சென்சார் வயர். பிடிப்பு கழன்று குழாயில் சாய்ந்துவிடும். கை வைத்த இடம் என்றால் பிறகு பொருத்திய ஸ்டீரியோ, இழுவைக் கொக்கியின் சாக்கெட், டிக்கி உட்தட்டியில் நீள ஸ்க்ரூ முடுக்கிய இடம். எலி கடித்த வயரும் உண்டு. பானெட்டுக்குள் எச்சமோ பஞ்சோ தெரிந்தால் கட்டு முழுவதையும் பாருங்கள், ஒரே இடத்தில் கடித்துவிட்டுப் போகாது.

பல்பு ஹோல்டரை மறக்க வேண்டாம். ஒற்றை முனை பல்பை இரட்டை முனை ஹோல்டரில் (21/5 வாட் வகை) திருகித் திணித்திருந்தால் அடிப்புள்ளி பார்க் லைட்டையும் பிரேக் லைட்டையும் சேர்த்துவிடும். இரட்டை இழை பல்பில் ஓர் இழை அறுந்து இன்னொன்றின் மேல் விழுந்தாலும் அப்படித்தான். அங்கே ஃபியூஸ் போகாமல், பிரேக் மிதித்தால் டேஷ்போர்டு எரிவது போன்ற விசித்திரம் வரும்.

கம்பளத்தைத் தூக்காமல் தேட திசைகாட்டி உதவும். 21 வாட்டுக்குப் பதில் 55 வாட் பல்பு போட்டுக்கொண்டு, ஒருவர் லைட் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்க, நீங்கள் சாதாரண முள் திசைகாட்டியைக் கட்டின் மேல் நகர்த்துங்கள். 4.6 ஆம்பியர் பாயும் வயரிலிருந்து 2 செ.மீ. தூரத்தில் உருவாகும் காந்தப்புலம் 46 மைக்ரோடெஸ்லா. பூமியின் புலமே அந்த அளவில்தான் இருக்கிறது என்பதால் முள் தெளிவாகத் துள்ளும். ஷார்ட் ஆன இடத்தைத் தாண்டியதும் துள்ளாது. எர்த் வயரும் அதே கட்டில் திரும்பி வந்தால் இரண்டு புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும், அப்போது இந்த வழி பலிக்காது. பாடி வழியாக எர்த் திரும்பும்போது நன்றாகவே காட்டும்.

பின்விளக்கு:

கிடைத்துவிட்டது. பின்பக்கக் கப்ளரைக் கழற்றியதும் பல்பு அணைந்தது. மறுபடி மாட்டிவிட்டு டிக்கி மூடியை மெதுவாக இறக்கினால் பாதியில் பஸ்ஸர் விட்டுவிட்டுக் கத்துகிறது. ரப்பர் குழாயை உருவிப் பார்த்தால், பாடிப் பக்க முனையில் நம்பர் பிளேட் வயரின் தோல் 1 செ.மீ. அளவுக்கு உரிந்து கீல் தகட்டைத் தொடுகிறது. பக்கத்து இரண்டு வயர்களிலும் வெடிப்பு. இன்சுலேஷன் டேப் சுற்றினால் போதுமா, வெட்டி ஒட்ட வேண்டுமா? ஈயம் வைத்துப் பற்றவைக்கலாமா?

கிரிம்ப் கைப்பிடி:

டேப் போதாது. மூடி திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அந்த இடம் மடங்கும், டேப் நழுவி, பசை மட்டும் மிஞ்சும். தோல் உரிந்த இடத்தில் உள்ளே பாதி இழைகள் ஏற்கெனவே அறுந்திருக்கும். வெடிப்பு விட்ட மற்ற இரண்டும் அடுத்து வரிசையில் நிற்கின்றன. குழாய்க்குள் போகும் எல்லா வயரையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

முக்கியமான விதி ஒன்றுதான்: ஒட்டு எதுவும் மடங்கும் பகுதியில் வரக்கூடாது. குழாயின் இரு முனைகளையும் தாண்டி, ஒரு பக்கம் பாடிக்குள் 5 செ.மீ., மறுபக்கம் மூடிக்குள் 5 செ.மீ. போய் அங்கே வெட்டுங்கள். நடுவில் புது வயர். பெரும்பாலும் 25, 30 செ.மீ. வேண்டியிருக்கும், 2 செ.மீ. கூடுதலாகவே வெட்டுங்கள்; இறுக்கமாக இருந்தால் மறுபடி அறும். பழைய வயரின் தடிமன் அல்லது அதற்கு ஒரு படி மேல். மெல்லிய இழைகள் நிறைய உள்ள வயராக எடுங்கள், சிலிகான் தோல் உள்ளது மடங்கி நிமிர்வதற்கு இன்னும் நல்லது. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் வெட்டாதீர்கள், ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது, நிறம் குழம்பாது.

வெட்டிய முனையில் செம்பு பளிச்சென்று இருக்க வேண்டும். கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் இன்னும் கொஞ்சம் பின்னால் வெட்டுங்கள். பசை உள்ள, சூடாக்கினால் 3-க்கு 1 சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயை ஒட்டுவதற்கு முன்பே வயரில் ஏற்றிவிட வேண்டும். இதை மறந்தால் ஒட்டை மறுபடி வெட்டத்தான் வேண்டும். பிறகு தோல் இல்லாத செம்பு பட் கனெக்டரில் (இரண்டு வயர் முனைகளை நேருக்கு நேர் இணைக்கும் சிறு குழல்) இரு முனையையும் விட்டு, அதற்குரிய கிரிம்ப் இடுக்கியால் அழுத்துங்கள். சாதாரணக் குறடால் நசுக்கினால் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். அழுத்தியதும் கையால் நன்றாக இழுங்கள், வந்துவிட்டால் இப்போதே வரட்டும். ஹீட் ஷ்ரிங்க் ஒட்டின் இரு பக்கமும் 1 செ.மீ. தோலை மூட வேண்டும். சூடாக்கியதும் ஓரத்தில் பசை வளையமாகக் கசிந்தால் தண்ணீர் புகாது.

ஒட்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் வரக்கூடாது. 3 செ.மீ. இடைவெளி விட்டுப் படிப்படியாக வையுங்கள். இல்லாவிட்டால் கட்டு அந்த இடத்தில் முட்டிபோல் தடித்து ரப்பர் குழாயில் நுழையாது. நுழைக்கும்போது சிலிகான் ஸ்ப்ரே போடுங்கள், எண்ணெய் வேண்டாம், ரப்பர் ஊறிப்போகும்.

ஈயம்: மடங்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரைக் கம்பிபோல் விறைப்பாக்கும். ஈயம் முடியும் விளிம்பில்தான் பிறகு அறும்.

மீட்டர் முள்:

ஈயத்தைப் பற்றி ஒரு மறுப்பு. அசையாத இடத்தில், டேஷ்போர்டுக்குள், கட்டை நன்றாகக் கட்டி வைத்தால் பற்றவைத்த ஒட்டு ஒன்றும் கெட்டதல்ல. சரியான கிரிம்ப் இடுக்கி இல்லாதவர் குறடால் நசுக்குவதைவிட அதுவே மேல். ரோசின் உள்ள ஈயம்தான் வேண்டும். அமில ஃபிளக்ஸ் பயன்படுத்தினால் செம்பு பச்சை பூத்துப் போகும். டிக்கிக் கீலுக்கு மட்டும் கிரிம்ப் கைப்பிடி சொன்னதை அப்படியே செய்யுங்கள். ஹேட்ச்பேக் காராக இருந்தால் பின் கண்ணாடி சூடேற்றியின் வயரும் அந்தக் குழாயில் வரும். 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடியது அது, அதற்கு மெல்லிய வயர் போட்டுவிடாதீர்கள்.

வேலை முடிந்ததும் உடனே ஃபியூஸைச் செருகாதீர்கள். கார் பல்புகள் இன்னும் கழன்றே இருக்கட்டும், சோதனை பல்பும் பஸ்ஸரும் மாட்டியிருக்கட்டும். சுவிட்சைப் போட்டு டிக்கி மூடியை இருபது தடவை திறந்து மூடுங்கள். டேஷ்போர்டு லோடால் பல்பு லேசாகச் சிவக்கலாம், பஸ்ஸர் மெல்லிதாக முனகலாம், பரவாயில்லை. மூடி அசையும்போது அது மாறக்கூடாது. பிறகு பல்புகளை மாட்டி, சோதனை பல்பை எடுத்துவிட்டு, மீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டில் வைத்து ஃபியூஸ் இடத்தில் தொடராக இணையுங்கள். 5 வாட் ஐந்து என்றால் 2 ஆம்பியர், டேஷ்போர்டு வெளிச்சம் சேர்த்து அதைவிடக் கொஞ்சம் கூட வரும். 4, 5 என்று காட்டினால் இன்னொரு கசிவு மிச்சம் இருக்கிறது. மீட்டர் முனையை மறுபடி வோல்ட் சாக்கெட்டுக்கு மாற்றிவிட்டுத்தான் அடுத்த அளவுக்குப் போக வேண்டும். ஆம்பியர் சாக்கெட்டில் விட்டுவிட்டு பேட்டரியைத் தொட்டால் மீட்டரே ஷார்ட்டாகிவிடும்.

முன்சீட்:

குறுக்கே ஒரு கேள்வி. பார்க் லைட்டுக்கு ஃபியூஸே இல்லாமல், பாடி கன்ட்ரோல் மாட்யூல் (விளக்கு போன்றவற்றை இயக்கும் மின்னணுப் பெட்டி) நேரடியாக ஓட்டும் புதிய கார்களில் இந்த பல்பு முறை எப்படி?

செம்புக்கம்பி:

நேரடியாக ஆகாது. அங்கே மாட்யூலுக்குள் இருக்கும் மின்னணு சுவிட்ச் ஷார்ட்டை உணர்ந்து தானே வெளியீட்டை நிறுத்தும், கொஞ்சம் கழித்து மறுபடி முயலும். சில கார்களில் பல தடவை முயன்று தோற்ற பிறகு ஸ்கேனரால் அழிக்கும்வரை அந்த வெளியீட்டைப் பூட்டியே வைக்கும். வயரைச் சரிசெய்த பிறகும் விளக்கு எரியாமல் இருப்பது அதனால்தான். மாட்யூல் போய்விட்டது என்று முடிவு கட்டவேண்டாம்.

முதலில் பிழைக் குறியீடு படியுங்கள், எந்த வெளியீடு என்று அதுவே சொல்லும். நெகட்டிவைக் கழற்றி, மாட்யூலின் கப்ளரையும் கழற்றி, அந்த வயரை மட்டும் கப்ளர் பக்கத்தில் தனியாகப் பிடியுங்கள். மாட்யூல் இப்போது சர்க்யூட்டில் இல்லாததால் நெகட்டிவை மறுபடி மாட்டி, ஃபியூஸ் போட்ட பேட்டரி வயர் ஒன்றிலிருந்து 21 வாட் பல்பு வழியாக அந்த வயருக்குக் கொடுக்கலாம். அதற்குப் பிறகு தேடும் வழி மேலே சொன்னதுதான். கப்ளரின் பின்னுக்குள் டெஸ்ட் லேம்பின் ஊசியைக் குத்தாதீர்கள், பின் விரிந்து தொடர்பு தளரும். அதே அளவுப் பின் ஒன்றில் வயர் கோத்து மெதுவாகச் செருகுங்கள். வயரின் தோலைத் துளைத்துத்தான் அளக்க முடிந்தது என்றால், அந்தத் துளையை அன்றே ஹீட் ஷ்ரிங்க் அல்லது திரவ இன்சுலேஷன் கொண்டு மூடுங்கள். தண்ணீர் அதன் வழியாகப் புகுந்து, செம்பு அங்கிருந்து பச்சை பூக்கத் தொடங்கும்.

பின்விளக்கு:

மூன்று வயரும் மாற்றியாயிற்று, ஒட்டுகள் பாடிக்குள்ளும் மூடிக்குள்ளும். இருபது தடவை திறந்து மூடியும் பஸ்ஸரில் மாற்றம் இல்லை. ஆம்பியர் 2.4. 10 ஆம்பியர் ஃபியூஸ் நிற்கிறது. டிரைவர் கதவின் குழாயையும் உருவிப் பார்த்தேன், அங்கே ஒரு வயரில் தோல் வெளுத்து மடிப்புக் கோடு விழுந்திருக்கிறது. அடுத்து அதைப் பிரிக்கிறேன்.